சீப்புச் சின்னத்தில் நின்ற அண்ணனுக்கு

அண்ணே,

இன்று காலை மில்லைத் திறக்கப் போனேன். கேட் பக்கம் புது பிளெக்ஸ் வாடை. நிமிர்ந்தால் நீங்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள், தோளில் கட்சித் துண்டோடு. முதலாமாண்டு நினைவஞ்சலியாம். உங்களைக் கட்சியைவிட்டு நீக்கிய அதே ஆட்கள் கீழே வரிசையாகக் கைகூப்பியிருந்தார்கள்.

உங்களைப் புனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். மாலை என்றால் உங்களுக்கு உயிர். போஸ்டரில் படம் சின்னதாக வந்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. வாடிப்பட்டிச் சாலையில் அரிசி மில் நடத்தியவர் ஒன்றியத் தலைவரானதும், நெல் போட வந்தவரையும் மனு கொடுக்க வந்தவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து இரண்டு பேரிடமும் சத்தம் போடுவீர்கள்.

ஆனால் கண்மாய் விஷயத்தில் நீங்கள் அசையவில்லை. பாதிக் கண்மாயை மூடிக் கடைகள் கட்டத் தீர்மானம் போடச் சொன்னது கட்சி. "தண்ணி நின்னாத்தான் நெல்லு, நெல்லு வந்தாத்தான் என் மில்லு. போங்கய்யா" என்றீர்கள். அதில் சுயநலம் இருக்கிறது என்று ஊர் பேசியது. இருந்தால் என்ன? அதை ஒளிக்காமல் சொல்ல உங்களுக்குத்தான் தைரியம் இருந்தது.

கட்சி நீக்கியது. அடுத்த தேர்தலில் சுயேச்சையாக நின்றீர்கள். கிடைத்த சின்னம் சீப்பு. உங்கள் வழுக்கையைப் பார்த்து ஊரே சிரித்தது. மேடையில் சீப்பை எடுத்து மண்டையில் ஒரு இழுப்பு இழுத்து, "எனக்குன்னு எதையும் கேட்டு வாங்கலேன்னு இதுலயே தெரியுதுல்ல?" என்றீர்கள். கைதட்டினார்கள், ஓட்டுப் போடவில்லை.

நீங்கள் போன அன்று உடம்பின் மேல் போர்த்தக் கொடியோடு வந்தார்கள். நான் வாசலை மறித்தேன். "கட்சி மரியாதை தங்கச்சி" என்றார் ஒன்றியச் செயலாளர். "வேட்டியே போதும்ணே. கொடிய மடிச்சு எடுத்துட்டுப் போங்க" என்றேன். பொம்பளைக்கு இம்புட்டு ஆகாது என்று யாரோ முனகியது காதில் விழுந்தது.

அதே செயலாளர் இன்று மத்தியானம் மில்லுக்கே வந்தார். "இந்தத் தடவ நம்ம வார்ட பொம்பளைகளுக்கு ஒதுக்கிட்டாங்க தங்கச்சி. அண்ணன் பேருக்கு நீ நின்னா அம்புட்டு ஓட்டும் நமக்குத்தான். ஜெயிச்சதும் அந்தக் கண்மாய்த் தீர்மானத்துக்கு மட்டும் கைய தூக்கிரு."

பிளெக்ஸ் எதற்கு வந்தது என்று அப்போது புரிந்தது. அவர் கண் முன்னாலேயே லோடுமேன்களைக் கூப்பிட்டு அதை இறக்கச் சொன்னேன். உங்கள் படத்தை மட்டும் வெட்டி எடுத்து ஆபீஸில் மாட்டினேன். "மழ வர்ற மாதிரி இருக்குண்ணே, நெல்லு நனையும்" என்று சொல்லி, மிச்சத்தைக் களத்தில் நெல்லின் மேல் விரிக்கவைத்தேன். அவர் டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

தேர்தல் முடிவு வந்த அன்று நான் அழுதபோது, "தோக்குறது கேவலமில்ல தாயி. இவங்ய சொல்ற எடத்துல கை தூக்குறதுதான் கேவலம்" என்றீர்கள். இந்த ஒரு வருஷமாக நான் நிமிர்ந்து நடப்பது அந்தப் பேச்சை வைத்துத்தான்.

நான் நிற்கிறேன் அண்ணே, சுயேச்சையாக. மில்லில் வேலை பார்க்கும் பெண்கள் வீடு வீடாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உங்களைப் போலச் சிரித்துக்கொண்டே தோற்க எனக்கு வராது. நான் ஜெயிக்கத்தான் போகிறேன்.