கதவோரக் கட்டில்

என் கூடப் பிறந்த செல்லமே, பொன்னம்மா,

உன் மகள் சரசுவுக்கு இது நிறைமாதம். கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. பக்கத்துக் கம்பத்துக் கிராமத்து மலாய் மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, என்னால் ஆகாது, கன்னியாஸ்திரீகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று கையை விரித்துவிட்டாள்.

சரசு அசையவில்லை. "எங்கம்மாவக் கொன்ன எடத்துக்கு நான் போக மாட்டேன் மாமா. செத்தாலும் இங்கயே சாகுறேன்" என்கிறாள். அந்தப் பொய்யைச் சொல்லி அவளை வளர்த்தவன் நான்தானே.

நீ பார்த்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை, தங்கச்சி. அன்று அது அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரே நீளக் கூடம். பன்னிரண்டு கட்டில். மருந்துப் பெட்டி சிங்கப்பூரிலிருந்து படகில் வந்தால்தான் உண்டு. இன்று பாலத்தின் மேல் லாரியே வருகிறது. செங்கல் கட்டடம், மாடி, பிரசவத்துக்குத் தனி வார்டு என்று ஜொகூர் பாருவில் பேர் வாங்கிவிட்டார்கள்.

அந்தப் பழைய கூடத்தின் கோடியில், ஜெபக் கோயிலுக்குப் போகிற கதவோரம் ஒரு கட்டில் இருந்ததே, நினைவிருக்கிறதா? சாகக் கிடப்பவர்களை அங்கே மாற்றுவார்கள். பாதிரியார் வந்து ஜெபம் சொல்ல வசதி. நம் தெப்ராவ் ரப்பர் தோட்டத்தில் எல்லோருக்கும் அது தெரியும். கதவோரம் போட்டுவிட்டார்கள் என்று சேதி வந்தால் போதும், நம் லயத்து வீடுகளில் ஒப்பாரி தொடங்கிவிடும்.

பிள்ளை பெற்ற பத்தாம் நாள் உனக்குக் காய்ச்சல் கண்டது. உன் புருஷன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான். சரசுவை என் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டு நான்தான் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். சேர்த்த ஆறாம் நாள் வந்து பார்த்தால் நீ கதவோரக் கட்டிலில் கிடக்கிறாய்.

"அண்ணே, எனக்கு இப்பத் தேவல. நாளைக்குக் கஞ்சி குடுப்பாங்களாம். இங்கயே இருக்கேன்" என்றாய். நம்பினேனா? சாகப்போகிறவளுக்கு ஏதோ ஆறுதல் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். போகிற உயிர் நம் சனத்தின் நடுவே போகட்டும், நம் முறைப்படி கொள்ளி வைக்கலாம் என்பதுதான் என் மரமண்டையில் ஓடியது. கன்னியாஸ்திரீகள் மாலை ஜெபத்துக்குப் போன நேரம் பார்த்து உன்னைத் தூக்கி மாட்டுவண்டியில் போட்டேன். "வேணாண்ணே" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாய். வழி முழுக்க மழை.

மூன்றாம் நாள் காலையில் நீ போய்விட்டாய். அன்று மத்தியானம் ஒரு கன்னியாஸ்திரீ மருந்துப் புட்டியோடு நம் லயத்தைத் தேடி வந்தார். அவர் பேச்சைத் தமிழில் சொல்ல ஆஸ்பத்திரி ஆயா மரியம்மாள். அவள்தான் சொன்னாள்.

"காய்ச்சல் எறங்கிருச்சுய்யா. புழுக்கத்துல தூங்காமக் கெடந்துச்சேன்னு, காத்துக்காகத்தான் கதவுப் பக்கம் மாத்துனோம். எங்கள ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

கேட்கவில்லையே, பொன்னம்மா. கேட்டிருந்தால் உன் மகளை நீ வளர்த்திருப்பாய். அந்தக் கன்னியாஸ்திரீ அம்மா என்னைத் திட்டவும் இல்லை. சரசுவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அதை விட என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

அவர்கள் போனதும் லயத்து ஆட்கள் விசாரித்தார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் தப்பான வைத்தியம் பார்த்து உன்னைக் கொன்றுவிட்டார்கள், கைவிட்ட பிறகுதான் கொண்டுவந்தேன் என்று கூசாமல் சொன்னேன். தோட்டத்தில் பத்திரிகை வாசித்துக் காட்டுகிறவன் நான். என் பேச்சை யார் மறுப்பார்கள்? அதன் பிறகு காய்ச்சல்காரர்களை லயத்திலேயே ஒளித்து வைத்தார்கள். அவர்களில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்? அதனால்தான் இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கே அனுப்புகிறேன். அன்று என்னை நம்பியவர்கள் இதையும் வாசிக்கக் கேட்கட்டும்.

நேற்று அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். மரியம்மாள் இருக்கிறாள், தலை முழுக்க நரை. என்னை அடையாளம் கண்டுகொண்டாள். உன்னைத் தேடி வந்த அந்தக் கன்னியாஸ்திரீ அம்மா இறந்து நாலு வருஷமாகிறதாம். சரசுவைப் பற்றிச் சொன்னேன். "சீக்கிரம் கூட்டிட்டு வாங்க. இந்தத் தடவையாவது எங்க கையில விடுங்க" என்றாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

இதை எழுதி முடித்ததும் சரசுவின் பக்கத்தில் போய் உட்காரப்போகிறேன். அவளிடம், உன் அம்மாவை ஆஸ்பத்திரி கொல்லவில்லை, பிழைத்துக்கொண்டிருந்தவளைத் தூக்கிவந்து நான்தான் சாகக் கொடுத்தேன் என்று சொல்லப்போகிறேன். இனி அவள் என்னை மாமா என்று கூப்பிடாமலே போகலாம். போகட்டும். வாடகைக் காருக்குச் சொல்லியாகிவிட்டது. என்னை வெறுத்துக்கொண்டே ஏறட்டும், ஏறினால் போதும்.

பிள்ளையைப் பெற்று அவளே நடந்து வெளியே வரும்வரை, நான் அந்த ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி உள்ளே கால் வைக்க மாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

உன் பேச்சைக் கேட்காத அண்ணன்,
முனியாண்டி