தண்ணீருக்குப் பெரட்டு

மே 20, ஞாயிறு

கத்திரி வெயில். கோரிப்பாளையத்தில் பஸ்ஸுக்கு நின்றதிலேயே பாதி உயிர் போய்விட்டது. கிளம்பும்போது அக்காவின் அர்ச்சனை வேறு. "லீவுல கூட வீடு தங்க மாட்டியா? சிலோன்காரவுகளுக்கு இங்கிலீஷ் தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?" குடையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினேன்.

ஒத்தக்கடை தாண்டி சிலோன் காலனி. தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீடுகள். ஞாயிறுதோறும் அங்கே தகரக் கொட்டகையில் என் வகுப்பு.

இன்று பாடம் ஏறவில்லை. காலனிக் கிணறு வற்றிவிட்டது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் பம்புசெட்டைப் பூட்டிவிட்டார். குட்டைத் தண்ணீரைச் சேலைத் துணியில் வடிகட்டிக் குடிக்கிறார்கள். மாரியாயியின் சின்ன மகளுக்கு வயிற்றுப்போக்கு, பெரியாஸ்பத்திரியில் டிரிப் ஏறுகிறது. மாரியாயி சிலோனில் கொழுந்து பறித்தவர், இங்கே சித்தாள். என் வகுப்பில் அவருக்குத்தான் வாய்த்துடுக்கு அதிகம்.

போன திங்கள் கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் போய்க் கேட்டார்களாம். புது அதிகாரி வடநாட்டுக்காரர், தமிழ் வணக்கத்தோடு சரி. குமாஸ்தாதான் மொழிபெயர்ப்பு. மாரியாயி சொன்னார்:

"நான் தண்ணி தண்ணின்னு கத்துறேன் டீச்சரம்மா. அந்தாளு தொரைகிட்ட மணி, மணிங்கிறாரு. பணந்தானே அது? தோட்டத்துல கேட்ட வார்த்தைதான். இதுக பணத்துக்கு வந்திருக்குன்னு சொல்லிப்புட்டாரு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அடுத்த திங்கள் நானே வந்து பேசுறேன்" என்றேன்.

"நீங்க பேச வேணாம். எங்களுக்குப் பேசச் சொல்லிக்குடுங்க."

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஆனால் சரிதான்.

மே 22, செவ்வாய்

சாயங்காலம் தனி வகுப்பு. வாங்கிப் போனது: சாக்பீஸ், பொரிகடலை, மண்ணெண்ணெய் (கொட்டகை விளக்குக்கு). 'மை நேம் இஸ்' எல்லாவற்றையும் மூட்டை கட்டியாயிற்று. சார், நோ வாட்டர். வெல் ட்ரை. சில்ட்ரன் சிக். வி வாண்ட் பைப்.

மாரியாயிக்கு நன்றாக வருகிறது. எல்லாவற்றையும் அவரே சொல்லட்டும் என்றேன். கூட்டத்தில் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒத்த ஆளு பேசுனா அந்த ஆள மட்டும் தனியா கூப்பிட்டு அமத்திருவாங்க. தோட்டத்துல பாத்திருக்கோம்." சொன்னது ராமையா, தப்பு மேளம் அடிக்கிறவர். சாதாரணமாக வாயே திறக்கமாட்டார்.

ஆக, ஆளுக்கு ஒரு வாக்கியம். இது எனக்குத் தோன்றவே இல்லை. பி.ஏ., பி.டி. எல்லாம் எதற்கோ.

மே 25, வெள்ளி

காற்றே இல்லை. இடது செருப்பு அறுந்தது.

கொட்டகையில் சண்டை. திங்கள் போனால் கூலி போகும். கட்டட வேலைக்குப் போகிறவர்கள், தங்களைக் கூட்டிப்போகும் மேஸ்திரிக்குப் பயப்படுகிறார்கள். நாலு பேர்தான் வருவார்கள் போலிருந்தது. நாலு பேர் போனால் குமாஸ்தாவே துரத்திவிடுவார்.

ராமையா சொன்னார்: "பெரட்டு போடுவோம்."

தோட்டத்தில் விடிகாலையில் தப்பு அடித்ததும் எல்லோரும் வந்து வரிசையில் நிற்க வேண்டுமாம். கங்காணி பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவாராம். அதற்குத்தான் பெரட்டு என்று பெயர். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அடிமைப் பழக்கத்தை இங்கேயுமா என்று கத்திவிட்டேன்.

மாரியாயி சிரித்தார். "தப்புச் சத்தம் கேட்டா எங்க காலு தானா வந்து நிக்கும் டீச்சரம்மா. அத ஏன் சும்மா விடணும்?"

திங்கள் எல்லோரும் பெரட்டில் நிற்பது. யார் மனுவுக்கு, யார் மேஸ்திரியிடம் என்று அங்கேயே பிரிப்பது. போகிறவர் வீட்டுச் சோற்றை மற்றவர்கள் பார்த்துக்கொள்வது. கால் மணி நேரத்தில் முடிவாகிவிட்டது. எங்கள் பள்ளி ஆசிரியர் கூட்டத்தில் இம்மாதிரி ஒரு முடிவு எடுக்க ஒரு வருஷம் ஆகும்.

மே 27, ஞாயிறு

ஒத்திகை. நான்தான் அதிகாரி. "வாட்? வாட்?" என்று அதட்டினேன். ஒருவர் அழுதேவிட்டார். மறுபடி அதட்டினேன். மூன்றாம் தடவை அவரே என்னைத் திருப்பி அதட்டினார்.

மாரியாயி ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்தார். செவ்வாய்க்கிழமை பிள்ளையை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். டாக்டர் சொன்னது: பழைய தண்ணீரையே குடித்தால் பிள்ளை தாங்காது. அதைச் சொல்லிவிட்டு, "எனக்கு எந்த வாக்கியம்?" என்றார்.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "நாளைக்கி நீங்க உள்ள வராதீங்க. வந்தா தொரை ஒங்க மூஞ்சியத்தான் பாப்பாரு."

பஸ்ஸில் வரும்போது கொஞ்சம் வருத்தம். கொஞ்சம் என்ன, நிறைய.

மே 28, திங்கள்

முதல் பஸ். யானைமலைக்கு மேலே இன்னும் இருட்டு. தப்பு அடிக்கிறது. வீடு வீடாகக் கதவு திறந்து ஆட்கள் வந்து வரிசையில் நிற்கிறார்கள். சண்டை போட்டவர்களும். பேர் கூப்பிட்டவர் மாரியாயி.

மனுவுக்குப் பிரிந்தவர்கள் ஆபீஸுக்குள், நான் எதிரே டீக்கடையில். மூன்று டீ. சூடா ஆறலா என்று நினைவில்லை.

மத்தியானம் வெளியே வந்தார்கள். ஆள் ஆளுக்குப் பேச்சு, அள்ளித்தான் கோக்க வேண்டியிருந்தது. குமாஸ்தா குறுக்கே விழுந்திருக்கிறார். அதிகாரி அவரைக் கையமர்த்திவிட்டுக் கேட்டிருக்கிறார். ஒவ்வொருவரும் தம் வாக்கியம். ஒருவருக்கு மறந்துபோக, பக்கத்தில் நின்றவர் எடுத்துக்கொடுத்திருக்கிறார்.

கடைசியில் அதிகாரி, "ஹூ சென்ட் யூ?" யார் அனுப்பினது என்று. ஒத்திகையில் இல்லாத கேள்வி.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன் மாரியாயியிடம்.

"நோபடி. வி கம்."

என் பெயரைச் சொல்லவில்லை. அவ்வளவு பெருமையாக எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

குழாய்க்கு ஆள் அனுப்பிப் பார்க்கிறாராம். அதுவரை தினமும் லாரித் தண்ணீர். வந்தால்தான் நிஜம்.

மே 29, செவ்வாய்

வந்தது. பதினோரு மணிக்கு, புழுதியைக் கிளப்பிக்கொண்டு. தெரு முழுக்கக் குடங்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே லாரிக் குழாயடியில் மாரியாயி. மெலிந்துபோயிருக்கிறாள் குட்டி, ஆனால் கண்ணில் தெளிச்சி.

வெயிலில் நடந்து வந்ததில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. டம்ளரோடு நேரே முன்னால் போய்விட்டேன்.

"டீச்சரம்மா, வரிசை!"

எல்லோரும் சிரித்தார்கள். போய்க் கடைசியில் நின்றேன்.