பலகையில் இருப்பது அவன் பெயரல்ல

நோங் பாங் ஊரில், அரிசி மில்லுக்குப் பின்வீட்டில் இருக்கும் கம்முன் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியாது. நான் ப்ரயூன், மீன்பிடிக் கப்பலில் சமையல்காரன். அந்த வீட்டில் நீங்கள் இருக்கிறீர்களா என்பதுகூட எனக்கு நிச்சயமில்லை. உங்கள் மகன் கடலுக்குப் போய் நாலு வருடமாக ஒரு சேதியும் இல்லையென்றால் மட்டும் மேலே படியுங்கள். அவன் உங்களோடு நலமாக இருந்தால் இதைக் கிழித்து அடுப்பில் போடுங்கள். அப்படி இருந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவன் கிடையாது.

நாங்கள் பதினொரு தாய்லாந்துக்காரர்கள் இந்தோனேசியாவில் ஒரு தீவில் கிடக்கிறோம். கப்பலை இங்கே கட்டிப்போட்டுவிட்டு முதலாளி கைகழுவிவிட்டார். கேப்டனும் ஓடிவிட்டான். மரவள்ளிக் கிழங்கும் மீனும்தான் சாப்பாடு. மீன் சாஸ் தீர்ந்து மாதக்கணக்காகிறது.

போன வெள்ளிக்கிழமை மன்னரின் பிறந்தநாள். எங்கிருந்தாலும் கொண்டாடத்தானே வேண்டும். மன்னருக்கான மஞ்சள் நிறத்தில் சட்டைக்கு எங்கே போவது? மழைக்குப் போடும் மஞ்சள் ரப்பர் கோட்டைப் போட்டுக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து நின்றோம். படமும் இல்லை. இயந்திரம் பார்க்கும் சாரோங் அண்ணன் பையில் ஒளித்து வைத்திருந்த இருபது பாட் நோட்டை எடுத்து, எங்கள் தலைக்கு மேலே இருக்கும்படி மீன்பெட்டிகளை அடுக்கி, அதன்மேல் மன்னர் முகம் தெரிய நிறுத்தினார். “எவனாவது இதுல கை வச்சீங்க, கையை ஒடிச்சுருவேன்”னு சொன்னார். எல்லோரும் சிரித்தோம். நாட்கணக்காகச் சிரிக்காதவர்கள்.

இருட்டியதும் மெழுகுவத்தி ஏற்றிப் பாட்டுப் பாடினோம். அதே நாள்தானே நமக்கு அப்பாக்கள் தினமும். அதனால் வரிசையாக ஒவ்வொருவனும் தன் அப்பா பெயரையும் ஊரையும் சொல்வதென்று முடிவு செய்தோம். கடைசியாக நான் சொன்னேன். வரிசையில் எனக்கு அடுத்து யாரும் இல்லை ஐயா, கப்பல் கயிற்றுக்கட்டு மட்டும்தான். அங்கிருந்து ஒரு குரல், “அப்பா கம்முன். யசோத்தோன் மாவட்டம், நோங் பாங். அரிசி மில்லுக்குப் பின்னால வீடு” என்றது.

விளையாடுகிறார்கள் என்று நினைத்துக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். சாரோங் அண்ணன் வெளுத்துப்போய், “டேய், அது ஊமையோட குரல்டா” என்றார். எங்களில் யசோத்தோன்காரன் எவனும் இல்லை.

ஊமை என்பது நாங்கள் வைத்த பட்டப்பெயர். வலை இழுக்கிற ஆள், இருபத்தைந்து வயது இருக்கும், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. நாலு வருடத்துக்கு முன்னால் ஏஜெண்ட் அவனை வேறொருவன் பெயரிலிருந்த மாலுமி அடையாளப் புத்தகத்தைக் கொடுத்துக் கப்பலில் ஏற்றிவிட்டான். உண்மைப் பெயர் வாயில் வந்தால் கடலில் தள்ளிவிடுவேன் என்று கேப்டன் மிரட்டியதால், பேசுவதையே குறைத்துக்கொண்டான். எங்களிடம்கூடச் சொல்லவில்லை. ஜூலையில் காய்ச்சல் கண்டு நாலாம் நாள் போய்விட்டான். இதை எப்படி எழுதுவதென்று தெரியாமல்தான் இவ்வளவு சுற்றினேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

எரிக்க விடவில்லை. துறைக்குப் பின்னால் புதைத்தோம். ஓத பிக்குவும் இல்லை. பலகையில் புத்தகத்துப் பெயரை எழுதச் சொன்னான் கேப்டன். அது அவன் பெயரில்லை என்று தெரிந்தும் எழுதியது இந்தக் கைதான் ஐயா. சாவுச் சேதியும் அந்தப் புத்தகக்காரன் வீட்டுக்குத்தான் போயிருக்கும். அன்று அவன் தலைமாட்டில் நின்று அந்தப் பொய்ப் பெயரைச் சொல்லித்தான், “வா, எங்களோட ஊருக்கு வா”ன்னு கூப்பிட்டோம். யாரையோ கூப்பிட்டால் இவன் எப்படி வருவான்?

அந்தக் குரல் கேட்ட நாளிலிருந்து மாலையானால் கயிற்றுக்கட்டுப் பக்கம் யாரும் போவதில்லை. நான் மட்டும் ஒரு தட்டில் அவனுக்குக் கிழங்கும் மீனும் வைக்கிறேன். எனக்கும் பயம்தான். ஆனால் அவன் சாகும்போது நான்தானே தண்ணீர் கொடுத்தேன்.

எங்களை ஊருக்கு அனுப்பக் கப்பல் வருகிறதாம், இருபதாம் தேதி. நம் வழக்கப்படி, செத்த இடத்திலிருந்து ஆவியைப் பெயர் சொல்லி எழுப்பி, வழியில் ஆறு வந்தால் ஆறு, பாலம் வந்தால் பாலம் என்று சொல்லிச் சொல்லித்தானே கூட்டிவர வேண்டும். அதை நான் செய்கிறேன், உங்கள் வாசல்வரை. பெயர்தான் இல்லை.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் அதிகாரி நல்ல மனுஷர். அவர் போனில் இங்கே பேச முடியும். என்னைத் திட்ட வேண்டுமானால் வந்தபிறகு திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். இப்போது, பிறந்தபோது அவனுக்கு நீங்கள் வைத்த பெயரை மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

உங்களுக்கு நீண்ட ஆயுள் கிடைக்கட்டும். பெயர் வராமல் நான் கப்பல் ஏறமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மகனுக்குச் சோறு போட்ட
ப்ரயூன்