இல்லாத கிரகமும் உன் சித்தப்பாவின் லேபிளும்

சிவகாசி

அன்பு மகள் பிரீத்திகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த ஜெர்மனிக் குளிரில் இருமாமல் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ கண்டுபிடித்த கிரகம் கிரகமே இல்லை என்று நீ சொன்ன அன்றே உன் சித்தப்பா ராஜபாண்டியனிடம் சொல்லிவிட்டேன். அதற்குள் அவர் உனக்குப் பாராட்டு விழா என்று விருதுநகரில் மண்டபம் பிடித்து, சங்கச் செயலாளர் அருள்பாண்டியைச் சேர்த்துக்கொண்டு ஊரெல்லாம் உன் படம் போட்ட பிளக்ஸ் கட்டியாகிவிட்டது. அது போதாதென்று ஆமத்தூரில் இருக்கும் தன் பட்டாசுக் கம்பெனியில் புதிதாகப் போடும் பேன்சி வெடிக்கு 'பிரீத்திகா கிரகம்' என்று பெயர் வைத்து, லேபிள் அடிக்க நம் பிரஸ்ஸுக்கே ஆர்டர். அந்த லேபிளை நீ பார்த்திருக்க வேண்டும். உன் கல்லூரிப் படத்தை வெட்டி, தோளுக்குப் பக்கத்தில் சனிக்கிரகத்தை வளையத்தோடு ஒட்டியிருந்தார்கள். வானத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான், மேலே போய் வெடிக்கும், கீழே நின்று கை தட்டலாம்.

விஷயம் கேள்விப்பட்டதும் சித்தப்பாவும் அருள்பாண்டியும் வீட்டுக்கு வந்தார்கள். நீ சொன்னதை அப்படியே சொன்னேன். இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன, ஒன்று மற்றதை மறைக்கும்போதெல்லாம் வெளிச்சம் குறைகிறது, அந்த மறைப்பு கணக்குப்படி வராமல் கொஞ்சம் முந்தியும் பிந்தியும் வந்ததால் பக்கத்தில் ஒரு கிரகம் இருந்து இழுக்கிறது என்று நம் பிள்ளையின் குழு நினைத்தது. ஆனால் நட்சத்திரத்தின் முகத்தில் ஒரு பக்கமாகக் கரும்புள்ளி இருந்தால் வெளிச்சம் குறைவதும் ஏறுவதும் ஒரே மாதிரி இருக்காது, மறைப்பின் நடுநேரம் எது என்று கணக்கிடும்போது அது தள்ளிப்போய்விடும், நட்சத்திரம் என்னவோ நேரத்துக்குத்தான் வந்திருக்கும், நாம்தான் ஏமாந்திருப்போம். கிரகம் இழுத்தால் இது அதை மறைப்பதும் அது இதை மறைப்பதும் சேர்ந்தே பிந்த வேண்டும், இங்கே ஒன்று பிந்தினால் மற்றது முந்துகிறது, ஆகவே இது புள்ளியின் வேலை என்று பிள்ளையே கண்டுபிடித்துவிட்டாள் என்றேன். சித்தப்பா முறுக்கைக் கடித்துக்கொண்டே, "ஏன் மதினி, அம்புட்டுத் தூரத்துல இருக்கத எவன் போய்ப் பாக்கப் போறான்? இருக்குன்னே சொல்லிட்டுப் போகட்டும்" என்றார். அருள்பாண்டி, "கிரகத்துக்குன்னா மால போடலாம், புள்ளிக்கு எப்படிப் போட?" என்று கேட்டார். இந்த ஆள் ஒரு பள்ளிக்கூடக் கமிட்டியிலும் இருக்கிறார், அந்தப் பிள்ளைகளை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

உன் பேராசிரியர் மட்டும் என்ன வாழ்ந்தார்? முதலில் கட்டுரையை வெளியிடுவோம், புள்ளியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாராமே. முறுக்குதான் இல்லை, மற்றபடி உன் சித்தப்பாவேதான். கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று அவரிடம் சொன்ன வாயால் என்னிடம் வேலை போய்விடுமே என்று அழுகிறாய். அந்த ஆளிடம் மன்னிப்பு மட்டும் கேட்டுவிடாதே, கேட்டால் என்னோடு பேசாதே.

கிளம்பும்போதுதான் சித்தப்பா வந்த காரியத்தைச் சொன்னார். விழாவன்று நீ வீடியோவில் வந்து கிரகம்தான் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம், இல்லையென்றால் தீபாவளி சீசன் லேபிள் முழுவதும் வேறு பிரஸ்ஸுக்குப் போய்விடுமாம். நம் மெஷின் ஓடுவதே அவர் ஆர்டரில்தான் என்று உனக்குத் தெரியும். உன் அப்பா, தம்பி பேச்சை ஒரு நாளும் மறுக்காத மனுஷர், அன்றும் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் போனபிறகு, கல்யாணம் ஆனதிலிருந்து சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டித் திட்டினேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பாடு எடுத்துக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போனால் மெஷின் நின்றுகிடக்கிறது. லோடு போகணும், ஏன் நிறுத்தினீங்க என்று சித்தப்பா வாசலில் நின்று கத்துகிறார். அப்பா கையில் இருந்த மையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, "ஏலே ராஜா, எம் மக இல்லேங்கா. அவ இல்லேன்னு சொன்னத நான் இருக்குன்னு அடிக்க மாட்டேம்லே" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. அடித்த தாளையெல்லாம் வெட்டிக் கழிவில் போடச் சொல்லிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். நான் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன்.

ஆர்டர் போய்விட்டது. இப்போது கல்யாணப் பத்திரிகை, நோட்டு அட்டை என்று சில்லறை வேலைகள்தான், பாதி நாள் மெஷின் சும்மா நிற்கிறது. அதற்காக நீ அங்கே உட்கார்ந்து கவலைப்பட்டால் அதற்கும் சேர்த்துத் திட்டு வாங்குவாய். விழா நிற்கவில்லை தெரியுமா, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்றே. கல்விக்குக் கொடை கொடுத்தவர் என்று சித்தப்பாவுக்கே மாலை போட்டுக்கொண்டார்கள். புது பிளக்ஸ் அடிக்க மனசு வராமல் உன் முகத்தின் மேலேயே அவர் முகத்தை ஒட்ட, அது சரியாக மூடாமல் அவர் காதோரம் உன் ஜிமிக்கி தொங்கியது. ஊரே வந்து பார்த்துச் சிரித்தது.

வேலையை நீட்டித்தால் இரு, நீட்டிக்காவிட்டால் வேறு இடம் தேடு, அதுவரை இங்கே வந்து இரு. ரொட்டியையே தின்று நாளை ஓட்டாமல் சோறு பொங்கிச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. பராசக்தி மாரியம்மன் உனக்குத் துணையாக இருந்து ஒரு குறையும் இல்லாமல் வைத்திருப்பாள்.

ஒன்று மறந்துவிடாதே. உன் அப்பா சும்மா நிற்கும் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரே புள்ளி ஒரு மறைப்பை முந்தவும் இன்னொன்றைப் பிந்தவும் எப்படிச் செய்யும் என்று என்னைக் கேட்கிறார். எனக்கு அதற்கு மேல் தெரியாது. மகளிடம் கேளுங்கள் என்றால் வெட்கம். ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் பண்ண வேண்டாம், அவருக்குப் பண்ணு.

இப்படிக்கு, ஆசீர்வாதத்துடன்
உன் அம்மா
வெ. சொர்ணலட்சுமி