சீழ்க்கைக் குடுவை

அன்புத் தங்கச்சிக்கு, உன் கூடப்பிறந்த காக்காவின் ஸலாம்.

தோஹாவில் நான் காவல் நிற்கும் மியூசியத்துக்குப் பெரு நாட்டுப் பழங்காலக் குடுவை ஒன்று வந்திருக்கிறது. இரண்டு மண்குடுவைகளை அடியில் குழாயால் இணைத்து, ஒன்றின் கழுத்தில் ஊதல் வைத்திருக்கிறார்கள். தொட்டுப் பார்க்க வைத்திருந்த நகலில் தண்ணீர் ஊற்றினேன். சத்தமே இல்லை.

“நிமித்தி வச்சா கூவாது காக்கா, சாச்சுப் பாருங்க” என்றான் கூட வேலை செய்யும் ராஜிக்.

சாய்த்தேன். தண்ணீர் அடுத்த குடுவைக்கு ஓட, குருவிபோலக் கூவியது.

உம்மா மவுத்தான பிறகு நாம் இருவரும் பேச்சுவார்த்தை இல்லாமல் நிமிர்ந்தே இருந்துவிட்டோம். கடைசியாக உம்மா என்ன சொன்னார்கள் என்றுகூட உன்னிடம் நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் ஃபோன் அடிக்கிறேன். எடுத்து என்னை ஏசவாவது செய்.

உன் காக்கா