ஓர் அளவு சிறியது

ஜனவரி 8

அடுத்த மாதம் விகிலுக்கு ஐம்பது. புத்தி பதினான்கிலேயே நின்றுவிட்டது. காலையில் ரொட்டிக்கு மாவு நிறுக்கப் போனால் என் தராசின் மேல் ஒரு பூட்ஸ் உட்கார்ந்திருக்கிறது! அவன் கூட்டாளி ஓட்மாருடையதாம். பனிமலையில் ஏறிப் போய்ச் சறுக்கி இறங்குகிறவர்களுக்கு வந்திருக்கும் புது வகை. கறுப்பு, கார்பன் ஓடு, முட்டைத்தோடு மாதிரி மெல்லிசு. இரவல் வாங்கிவந்து எடை பார்க்கிறான் என் புருஷன்.

"தூக்கிப் பாரு மேனா. காத்து மாதிரி இருக்கு!"

"அப்ப காத்தையே மாட்டிக்கிட்டு ஏறு. மாவு தராசை விடு."

இரண்டு பேருக்கும் ஆப்பிள் கிடங்கில் வேலை. பெட்டி அடுக்குகிறார்கள். ஆனால் அவர்களுக்குள் ஏதோ உலகக் கோப்பை நடந்துகொண்டிருக்கிறது. போன வருஷம் பாரம் குறைக்கிறேன் என்று ஓட்மார் பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை அறுத்து எறிந்தான். தொப்பையை என்ன செய்வதாக உத்தேசமோ.

ஜனவரி 11

ஸீட்டாவின் கடைக்குப் போனோம். எனக்கும் பூட்ஸ் வேண்டும், பழையதின் ஓடு விரிசல் விட்டுவிட்டது. ஸீட்டா விகிலோடு பள்ளியில் படித்தவள், அதனால் அவனிடம் மரியாதை கிடையாது.

உள்ளுறையை உருவி எடுத்துவிட்டு, வெறும் ஓட்டுக்குள் விகிலைக் காலை வைக்கச் சொன்னாள். விரல் நுனி முன்னால் முட்ட வேண்டும். பிறகு குதிகாலுக்குப் பின்னால் தன் விரலை விட்டுப் பார்த்தாள்.

"ஒரு விரலாவது தாராளமா போகணும். இதுல என் நகம்தான் போகுது. அடுத்த அளவு எடு."

"ஓட்மார் இதைத்தான் போடறான்."

"அப்ப போயி ஓட்மார் காலை வாங்கிட்டு வா. இங்க பாரு, பிளாஸ்டிக்னா சூடு காட்டி இடிக்கிற இடத்தைத் தள்ளிக் குடுப்பேன். இது கார்பன், மசியாது."

"இறுக்கமா இருந்தாத்தான் சறுக்குப் பலகை சொன்ன பேச்சைக் கேக்கும்."

"உலகத்துல ஏதாவது ஒண்ணு உன் பேச்சைக் கேக்கட்டும்னு பாக்கறியா?" என்றேன். ஸீட்டா சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. காதெல்லாம் சிவந்துபோய், அந்தச் சின்ன அளவையே கட்டித் தரச் சொன்னான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவேளை பெரியதை வாங்கியிருப்பானோ? மாட்டான்.

எனக்குக் கிடைத்தது பச்சை நிறத்தில், கனமாக, அழகென்று ஒன்றும் இல்லாமல் இருந்தது. ஸீட்டா உள்ளுறையைச் சூடேற்றி மாட்டிவிட்டாள். அது ஆறிக் காலோடு படியும்வரை கொக்கு மாதிரி அசையாமல் நின்றேன். உள்ளே விரலெல்லாம் ஆடுகிறது. சுகம்.

"டிராக்டர்" என்றான் விகில்.

ஜனவரி 19

விகிலின் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. "பழகிடும்" என்கிறான். யாருக்கு, நகத்துக்கா?

ஜனவரி 27

அதை மாட்டிக்கொண்டுதான் தொலைக்காட்சி பார்க்கிறான். தளர்த்துகிறானாம். முகம் பல் பிடுங்க உட்கார்ந்தவன் மாதிரி. கம்பளிக் காலுறையை விட்டுவிட்டு ஏதோ வெங்காயத்தோல் மாதிரி ஒன்றைப் போட்டிருக்கிறான். இடம் கிடைக்க வேண்டுமே!

"திருப்பிக் குடுத்துடு. ஸீட்டா மாத்தித் தருவா."

தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினான். ஓட்மார் என்ன சொல்வானோ என்ற பயம். வாழ்க்கை முழுக்க ஒரு ஓட்மாருக்குப் பயந்து வாழும் ஆண்பிள்ளையை நான் கட்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 16

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் எழுதுகிறேன்.

பிறந்தநாள் ஏற்றம். ஓட்மார் முன்னால், விகில் நடுவில், டிராக்டரோடு நான் கடைசியில். காடு தாண்டுவதற்குள்ளேயே குளிர் மூக்கைக் கடித்தது. கணவாய்க்குக் கீழே வரும்வரை இருவரும் எடையைப் பற்றியே பேசிக்கொண்டு போனார்கள். பிறகு விகிலின் சத்தம் நின்றுபோயிற்று. இவன் தூக்கத்தில்கூடச் சும்மா இருப்பவன் இல்லை.

கிட்டே போனேன். "யோவ், கால் வலிக்குதா?"

"முன்னாடி வலிச்சுது. இப்ப இல்ல. ஒண்ணுமே தெரியல."

சந்தோஷமாகச் சொன்னான். வலி போய்விட்டதாம்! இந்தக் குளிரில் வலி நின்றால் கால் உறைகிறது என்று அர்த்தம்.

"திரும்பு. இப்பவே."

ஓட்மார் மேலே நின்றுகொண்டு, "உச்சி இதோ தெரியுது மேனா. வந்தது வந்தோம்..." என்றான்.

"உனக்கு உச்சி வேணும்னா நீ போ. என் புருஷன் கால் எனக்கு வேணும்!" மலையே எதிரொலித்தது. இன்னும் நிறைய சொன்னேன். எழுதமாட்டேன்.

விகில் என்னைப் பார்த்தான், ஓட்மாரைப் பார்த்தான். அப்போதும் — அப்போதும்! — யோசித்தான். நான் பனியில் மண்டிபோட்டு அவன் பூட்ஸின் கொக்கிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். கழற்றவில்லை. கழற்றினால் மறுபடி மாட்ட முடியாது, பனியில் வெறுங்காலோடு எப்படி இறங்குவது? பிடிப்பில்லாத காலோடு ஓயாமல் விழுந்து எழுந்து வந்தான். ஒவ்வொரு தடவையும் தூக்கிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் திட்டினேன். திட்டை நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று இருந்தது.

கீழே வந்து உருவிப் பார்த்தால் இடது கால் விரல்கள் மெழுகு. தொட்டேன். என் விரலுக்குத் தெரிந்தது, அவனுக்குத் தெரியவில்லை.

எத்தனை தடவ சொன்னேன். ஸீட்டா சொன்னா, நான் சொன்னேன், அந்த நகம் கூடச் சொல்லுச்சே.

வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைத்திருக்கிறார்கள். உணர்வு திரும்பும்போது கத்துகிறான். இங்கே வரை கேட்கிறது.

பிப்ரவரி 17

ஓட்மார் உச்சியில் நிற்கும் படத்தை அனுப்பியிருக்கிறான். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு. விரல் நன்றாக இருக்கிறவன் காட்டுகிறான்.

மார்ச் 22

காத்திருந்து பார்த்தார்கள். பலனில்லை. சுண்டுவிரலையும் அதற்கு அடுத்ததையும் எடுத்துவிட்டார்கள்.

வாற்கோதுமைக் கஞ்சி கொண்டுபோனேன். "நீ சொன்னேல்ல, சொல்லிக் காட்டு" என்றான். கைவசம் ஏராளமாக வைத்திருந்தேன். கஞ்சியைக் கிண்டிக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 14

நன்றாக நடக்கிறான். ஆனால் காலைக் காட்டமாட்டான். கட்டு மாற்றக்கூட என்னை விடாமல் கதவைச் சாத்திக்கொண்டான். இந்த வெயிலில் காலுறையோடு தூங்குகிறான். ஓட்மார் வந்தால் காலை மேசைக்கு அடியில் இழுத்துக்கொள்கிறான். அவன் முன்னால் இன்னும் எதை மறைக்க வேண்டியிருக்கிறது, முட்டாளே?

நவம்பர் 30

முதல் பனி. "ஸீட்டா கடை வரைக்கும் போலாமா?" என்று அவனாகவே கேட்டான். நான் எதுவும் சொல்லவில்லை. என்னாலும் முடிகிறது.

கடையில், "காலுறையோடவே அள" என்று பிடிவாதம். "அப்படி அளந்தா அது அளவில்ல" என்றாள் ஸீட்டா. அவன் அசையவில்லை. அவள் பக்கத்து வாடிக்கையாளரிடம் போய்விட்டாள்.

மிலானிலிருந்து வந்த மனிதர். நல்ல சட்டை, நிறைய பேச்சு. அதே கறுப்பு ஓடு. குதிகாலுக்குப் பின்னால் விரல் போகவில்லை.

"பரவால்ல, இதையே குடுங்க. இன்னும் சின்னது இருந்தாக்கூட நல்லது. இறுக்கமா இருந்தாத்தான் பிடிமானம்."

ஸீட்டா அவருக்கும் எல்லாம் சொல்லிப் பார்த்தாள். மனிதர் சிரித்துக்கொண்டே பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

விகில் குனிந்தான். ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பப்போகிறான் என்று நினைத்தேன். காலுறையை உருவி, கடை நடுவில், எல்லார் முன்னாலும் இடது காலை நீட்டினான்.

"சார், இங்க பாருங்க. ஓர் அளவு சின்னது வாங்கினேன்."

விரல்களை எடுத்தபிறகு நானும் இன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக, ஓரம் வழித்தெடுத்த மாதிரி. அவ்வளவு மோசம் இல்லை. அவன் கால்தான்.

அந்த மனிதர் பெட்டியை மெதுவாக மேசைமேல் வைத்தார். "அடுத்த அளவு காட்டுங்க" என்றார்.

"முதல்ல எனக்கு அள ஸீட்டா" என்றான் விகில். காலுறையை மறுபடி போடவில்லை.

வெட்கங்கெட்ட மனுஷன். நான் என் கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.