ஃப்ரீஸரின் அடியில் ஒரு ஜோடி மக்லக்

என் அன்பு மச்சானுக்கு, உங்கள் சபுராவின் ஸலாம்.

போன வாரப் புயலில் நம் சுகர் லேண்ட் ஊரே இருண்டுபோயிற்று. நம் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை யாருக்கு போன் பண்ணிச் சொல்வது? ஐந்து நாள் கரண்ட் இல்லை. ஃப்ரீஸரில் இருந்த குர்பானிக் கறியை எல்லாம் ஆக்கித் தெருவுக்கே கொடுத்துவிட்டேன். அடியில் மிஞ்சியது நீங்கள் கொண்டுவந்த மக்லக் மட்டும்தான்.

அலாஸ்கா எண்ணெய் வயலில் உங்களோடு வேலை பார்த்தவரின் அம்மா, அந்த யூப்பிக் பழங்குடிப் பெண்மணி, சீல் தோலில் எனக்கென்று கையால் தைத்த பூட்ஸ். டெக்சஸ் சூட்டில் தோல் கெட்டுவிடும், குளிரிலேயே வை என்றீர்கள். கறி வைக்கும் இடத்தில் செருப்பா என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன்.

உறுத்துவது அதுவல்ல. கையில் வாங்கியதுமே, போட்டுப் பார்க்காமலே, பெரிசு என்று முடிவு கட்டினேனே, அதுதான்.

"பன்னெண்டு வருசமாச்சு மச்சான். இன்னும் என் கால் அளவு உங்களுக்குத் தெரியல."

"போட்டுத்தான் பாரேன் புள்ள" என்றீர்கள். நான் போடவில்லை. மறுநாள் வேலைக்குப் பிளேன் ஏறினீர்கள். அங்கேயே நெஞ்சுவலி வந்து, மையித்தாகத்தான் திரும்பினீர்கள். இரண்டு வருடம் ஆகிறது.

ஈரம் இறங்கியிருக்குமோ என்று இப்போது உள்ளே கை விட்டேன். நுனியில் ஒவ்வொன்றிலும் தடித்த கம்பளி சாக்ஸ் ஒன்று சுருட்டி வைத்திருந்தது. பெண்கள் சாக்ஸ், லேபிள்கூடப் பிரிக்கவில்லை. அதை மாட்டிக்கொண்டு, ஃபேன் ஓடாத கிச்சனில் வியர்க்க வியர்க்க பூட்ஸைப் போட்டு நின்றேன். விரல் நுனி வரை கச்சிதம்.

நம் சனா முதலில் சிரித்தாள். "மாம், இட்ஸ் சோ ஹாட்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சாக்ஸுக்கு இடம் விட்டுத் தைக்கச் சொன்னது நீங்கள்தானே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் வாயை மூடினால்தானே சொல்வீர்கள். இப்போது குறை சொல்லக்கூட வீட்டில் ஆளில்லை மச்சான்.

வா, பனியைக் காட்டுகிறேன் என்று வருடா வருடம் கூப்பிட்டீர்கள். குளிர் எனக்கு ஒத்துக்காது என்றே தட்டிக் கழித்தேன். சனாவின் டிசம்பர் லீவுக்கு அலாஸ்காவுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். இதைப் போட்டுக்கொண்டுதான் அந்தப் பனியில் நடப்பேன். தைத்த அம்மாவைத் தேடிப் போய், அளவு சரியாக இருக்கிறது என்று சொல்வேன். உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியது.

உங்கள் மாமா மகள்,
சபுரா